கம்பிக்கு நழுவாத பிடி

உங்கள் கணிதப் பெட்டியைத் திறந்து கவராயத்தை வெளியே எடுங்கள். அதன் தலையில், நாம் இரண்டு விரலால் பற்றிச் சுழற்றும் இடத்தில், சிறு சிறு வரிகள் நெருக்கமாக ஓடுவதைக் காணலாம். ஆய்வகத்திலுள்ள திருகு அளவியின் தலையிலும் இதே வரிகள் உண்டு. இவை அழகுக்காகப் போட்டவை அல்ல. வழவழப்பான உலோகம் வியர்த்த விரலில் நழுவும். வரி போட்ட உலோகம் நழுவாது. உலோகத்தின் மேல் இவ்வாறு வரி போடும் வேலைக்கு லேத் பட்டறைகளில் 'நர்லிங்' என்று பெயர்.

பளு தூக்கும் வீராங்கனைகள் பிடிக்கும் கம்பியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பெண்களுக்கான போட்டிக் கம்பியின் நீளம் 2.01 மீட்டர், பிடிக்கும் இடத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், எடை 15 கிலோ. ஆண்களுடையது 2.2 மீட்டர் நீளம், 28 மில்லிமீட்டர் விட்டம், 20 கிலோ எடை. இரண்டிலும் கை படும் இடமெல்லாம் நர்லிங் உண்டு. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் வென்றதும், 2021-இல் டோக்கியோவில் மீராபாய் சானு வெள்ளி வென்றதும் அத்தகைய கம்பியைத் தூக்கித்தான். காமன்வெல்த் போட்டிகளில் 2014-லும் 2018-லும் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் நமக்குப் பக்கத்து வேலூர்க்காரர். உள்ளங்கையில் பூசும் வெள்ளைத் தூளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். கம்பியில் ஓடும் வரிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை!

நாங்கள் இந்த வேலையைக் கற்கப் போனது பளு தூக்குவதற்காக அன்று. எங்கள் வகுப்பில் விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தியின் ஊர் கல்வராயன் மலையில் உள்ளது. அவளுடைய ஆயா மரவள்ளிக் காட்டில் மண்ணைக் கிளற, முனை கூராக்கிய இரும்புக் கம்பி ஒன்றை வைத்திருக்கிறார். 12 மில்லிமீட்டர் கனம், 90 சென்டிமீட்டர் நீளம். சென்ற மழைக்காலத்தில் சேற்றுக் கையில் கம்பி நழுவி, முனை அவர் பாதத்தில் இறங்கிவிட்டது. மூன்று வாரம் அவர் காட்டுக்குப் போகவில்லை; கூலியும் இல்லை. "கம்பிக்குத் துணி சுற்றினால் என்ன?" என்று கேட்டோம். "சுற்றினோம். நனைந்தால் துணியே சுழல்கிறது" என்றாள் தோழி. அப்போதுதான் எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர் கவராயத்தை எடுத்துக் காட்டினார்.

நகரில் ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில், மேசைமேல் வைக்கும் சிறிய லேத் ஒன்று வைத்திருக்கிறார். பிழைப்புக்கு அல்ல, ஆசைக்கு. சிஸ்டருடன் நான்கு சனிக்கிழமைகள் அங்கே சென்றோம்.

நர்லிங் என்பது செதுக்கும் வேலை அன்று, அழுத்தும் வேலை. தையல் வகுப்பில் துணியில் அளவுக் குறி போட, பல் வைத்த சிறு சக்கரம் உருட்டுகிறோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோன்ற, ஆனால் கடினமாக்கிய எஃகினால் ஆன சக்கரத்தைச் சுழலும் கம்பியின் மேல் வைத்து அழுத்துகிறார்கள். பல் பதிந்த இடம் பள்ளமாகிறது. அங்கிருந்த உலோகம் பக்கத்தில் மேடாக எழும்புகிறது. ஆகவே நர்லிங் செய்த கம்பி முன்னைவிடச் சற்றுப் பருமனாகும். ஒரே திசையில் பல் உள்ள சக்கரம் நேர்வரி போடும். வலப்பக்கமும் இடப்பக்கமும் சாய்ந்த பற்கள் உள்ள இரு சக்கரங்கள் சேர்ந்தால் வரிகள் ஒன்றையொன்று வெட்டி, வைரக்கட்டம் உண்டாகும்.

பற்றிக்கொள்வதற்காகச் சொரசொரப்பாக்கும் இந்த யுக்தி நம் ஊருக்குப் புதிதன்று. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதை அறிவீர்கள். கரும்பு பிழியும் உருளைகள் வழவழப்பாக இருந்தால் கரும்பு உள்ளே போகாமல் வழுக்கும். அதனால் கரும்பு ஆலைகளில் உருளைக்குப் பள்ளங்கள் வெட்டி, அதன்மேல் வெல்டிங் பொட்டுகளும் வைப்பது வழக்கம். வேலை வேறு, காரணம் ஒன்றே.

இனி நம் பாடத்தின் கடினமான இடத்துக்கு வருவோம். கவராயத் தலை குட்டையானது. எளிதில் நர்லிங் ஆகிவிடும். நீளமான, மெல்லிய கம்பிதான் தொல்லை தரும். ஒரு பக்கத்திலிருந்து சக்கரம் அழுத்தினால் கம்பி மறுபக்கம் வளைந்து விலகுகிறது. எவ்வளவு வளையும்? ஐயா கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். 6 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை ஒரு முனையில் இறுகப் பிடித்து, 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால், நுனி ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் தாழும். நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகும், அதாவது 0.16 மில்லிமீட்டர். நீளத்தை அப்படியே வைத்து விட்டத்தை இரு மடங்காக்கினாலோ, வளைவு பதினாறில் ஒரு பங்காகும், 0.08 மில்லிமீட்டர்தான். நீளத்துக்கு மும்மடி, விட்டத்துக்கு நான்மடி. மெல்லிய கம்பி ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. 5 கிலோ என்பது கணக்குக்காகச் சொன்னது; நர்லிங் சக்கரத்தின் அழுத்தம் அதைப்போல் பல மடங்கு.

வளைந்த கம்பியில் வரி எப்படி விழும்? சக்கின் அருகே ஆழமாகவும், நடுவில் மேலோட்டமாகவும் விழும். சில நேரம் கம்பி துள்ளி, வரிமேல் வரி விழுந்து அரித்ததுபோல் ஆகிவிடும். ஐயா ஒரு பழைய கம்பியில் வேண்டுமென்றே அப்படிச் செய்து காட்டினார். பார்க்கச் சகிக்கவில்லை!

இதற்கு முதல் மருந்து, கம்பியின் வெளி முனையின் மையத்தில் சிறு குழி போட்டு, அதில் டெயில் ஸ்டாக்கின் கூர்முனையைக் கொடுத்துத் தாங்குவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. வேலை நடக்கும்போது கம்பி சூடாகும், சூடானால் நீளும். 40 சென்டிமீட்டர் எஃகு 30 டிகிரி சூடேறினால் 0.14 மில்லிமீட்டர் நீளும். இரு முனையும் இறுகியிருந்தால் நீளுவதற்கு இடமில்லாமல் கம்பி வில்போல் வளையும். ஆகவே இடையிடையே கூர்முனையைச் சற்றுத் தளர்த்தி மீண்டும் சேர்க்க வேண்டும். நீள்விரிவுப் பாடத்தை மனப்பாடம் செய்தபோது இது எதற்கு உதவும் என்று எங்களுள் பலருக்குத் தெரியாது.

சிறந்த மருந்து வேறொன்று. ஒரு பக்கம் அழுத்தும் கருவியை விட்டுவிட்டு, இடுக்கிபோன்ற கருவியைப் பயன்படுத்துவது. அதில் கம்பிக்கு மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். நடுவிலுள்ள திருகை முடுக்கினால் இரண்டும் கம்பியை எதிரெதிராகக் கவ்வும். இரு விசைகளும் சமம், திசை எதிர், தொகுபயன் சுழி. கம்பி எந்தப் பக்கம் வளையும்? எந்தப் பக்கமும் வளையாது. சிறிய லேத்துக்கு இது இன்னொரு வகையிலும் நல்லது. அழுத்தம் கருவிக்குள்ளேயே அடங்கிவிடுவதால் லேத்தின் உருளித்தாங்கிகளுக்கு வலி இல்லை. கம்பிக்குப் பதில் குழாய் வைத்தால் எடை குறையுமே என்று ஒருத்தி கேட்டாள். மெல்லிய குழாய் இந்த இடுக்கியில் நசுங்கிப் போகும் என்றார் ஐயா.

6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய கம்பிக்கு, சக்கிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் மட்டும் வெளியே விட்டு நர்லிங் செய்து, பிறகு கம்பியை மேலும் இழுத்துத் தொடரலாம். புதிதாகத் தொடங்கும்போது சக்கரத்தின் பற்களை ஏற்கெனவே விழுந்த வரியிலேயே பொருத்த வேண்டும். இல்லையேல் ஒட்டுப் போட்ட இடம் பளிச்சென்று தெரியும்.

வரிகள் சீராக விழ மற்றொரு கணக்கும் உண்டு. பல்லுக்குப் பல் இடைவெளி 1 மில்லிமீட்டர் என்போம். 12 மில்லிமீட்டர் கம்பியின் சுற்றளவு 37.7 மில்லிமீட்டர். 37 பல் பதிந்தபின் 0.7 மீதி நிற்கிறது; அடுத்த சுற்றில் பல் பழைய பள்ளத்தில் விழாமல் மேட்டில் விழலாம். கம்பியை 11.78 மில்லிமீட்டராகக் கடைந்தால் சுற்றளவு சரியாக 37 ஆகும். ஆனால் பட்டறைகளில் இந்தக் கணக்கைப் பலரும் போடுவதில்லை. தொடக்கத்திலேயே தயங்காமல் நன்றாக அழுத்தினால் பற்கள் தாமே வழி கண்டுகொள்ளும் என்பது ஐயாவின் அனுபவம். மெதுவாகத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் இரட்டை வரி விழுகிறதாம். வேகம் குறைவாகவும், எண்ணெய் தாராளமாகவும் இருக்க வேண்டும்.

ஆயாவின் கம்பியில் மேல் முனையிலிருந்து 10 சென்டிமீட்டர் விட்டு, அடுத்த 20 சென்டிமீட்டருக்கு வரி வேண்டியிருந்தது. ஆகவே 32 சென்டிமீட்டர் சக்குக்கு வெளியே. மீதி 58 சென்டிமீட்டர் லேத்தின் தலைக்குள் நுழைந்து பின்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. இதில்தான் பெரிய ஆபத்து. பின்னால் நீண்ட மெல்லிய கம்பி வேகமாகச் சுழன்றால் திடீரென வளைந்து சாட்டைபோல் வீசும். அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. ஐயா ஒரு மரக்கட்டையில் துளையிட்டு, அதைத் தாங்கியில் பொருத்தி, கம்பியின் வாலை அதற்குள் விட்டார். எங்களை அந்தப் பக்கம் நிற்கவே விடவில்லை. இரட்டைச் சடைகளை மேலே தூக்கிக் கட்டி, ரிப்பனை அவிழ்த்து, வளையலையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிய பின்தான் லேத்தின் அருகே அனுமதி. கையுறையும் கூடாது, சுழலும் கம்பி கையுறையோடு கையையும் இழுத்துவிடும்.

வைரக்கட்டம் பிடிப்பு மிகுந்தது. ஆனால் நாள் முழுதும் பிடிக்கும் கைக்கு அது அரம். எனவே நடுத்தர அளவு வரி போட்டு, மேடுகளின் கூர்மையை அரத்தாலும் எமரித் தாளாலும் மழுக்கினோம். சேற்றைப் பூசிக்கொண்டு நாங்களே மாறி மாறிப் பிடித்துப் பார்த்தோம். நழுவவில்லை. சிஸ்டரும் பிடித்துப் பார்த்தார்!

"பொம்பளைப் பிள்ளைங்களுக்கு லேத் எதுக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மதில்மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார். ஐயா பதில் சொல்லவில்லை, எங்களிடம்தான் சொன்னார். பத்தாம் வகுப்பில் அறிவியலும் கணிதமும் படித்துத் தேறியவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் 'டர்னர்' பிரிவில் சேரலாம், இரண்டு ஆண்டுப் பயிற்சி, பெண்களும் சேரலாம். மலைத் தோழி அன்று மாலை அந்த விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற கவலை அவளுக்கு உண்டு. தேர்வு முடிவு வரட்டும், அப்பாவிடம் தாமே பேசுவதாக சிஸ்டர் கூறியிருக்கிறார்.

பொங்கல் விடுமுறையில் கம்பி மலையேறியது. திரும்பி வந்தபோது தோழியின் கையில் மூன்று கம்பிகள். பக்கத்து வீட்டாருடையவையாம். அவற்றில் ஒன்று 10 மில்லிமீட்டர் கனம்; நீளமோ ஒரு மீட்டருக்கும் மேல். ஐயா அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "முதல்ல இதோட கோணலை எடுக்கணும்மா" என்றார்.