பாதி தள்ளுபடி என்று யார் சொன்னது?

"மூணு மாசம் எதையும் கட்டாதீங்க. நாலாவது மாசம் பேங்க்காரனே போன் பண்ணிப் பாதிக்கு இறங்கி வருவான். கடனையெல்லாம் ஒருத்தர் பேர்ல விட்டுடுங்க, இன்னொருத்தர் சிபில் சுத்தமா இருக்கும்."

இதைக் கேட்காமல் இப்போதெல்லாம் ஒரு வாரம்கூடக் கழிவதில்லை. ரீல்ஸில் ஒருவர் கார் சீட்டில் சாய்ந்தபடி சொல்கிறார். அதை மைத்துனர் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறார். வங்கியின் கடன் வசூல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் கடனில் மாட்டிய தம்பதிகள் என்னைத் தேடி வருகிறார்கள். பலரும் வந்து உட்காரும்போது அந்த நாலாவது மாதம் தாண்டியிருக்கிறது. பாதிக்கு இறங்கி வருவதாகச் சொன்ன போன் மட்டும் வந்திருக்காது. வேறு போன்கள் வந்திருக்கும்.

முதலில் அந்த மூன்று மாதங்களில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தவணைத் தேதியில் கணக்கில் பணம் இல்லையென்றால் உங்கள் வங்கி ஒரு பவுன்ஸ் கட்டணம் எடுக்கும், கடன் கொடுத்தவர் இன்னொன்று எடுப்பார். அது சில்லறை. தானியங்கித் தவணை பணமின்றித் திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் அது குற்றம். நோட்டீஸ் வந்த 15 நாளுக்குள் கட்டாவிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே. செக் பவுன்ஸுக்கு உள்ள அதே தண்டனைதான். கார் சீட்டுக்காரர் இதைச் சொல்ல மாட்டார். சொன்னால் யார் அவரைப் பின்தொடர்வார்கள்?

கணக்கு 30 நாள் பாக்கி, 60 நாள் பாக்கி என்று படிப்படியாக இறங்கி, 90 நாள் தாண்டியதும் வாராக்கடன் ஆகிறது. 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது இந்த விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பியாக வேண்டும். ஆகவே "மூணு மாசம் யாருக்கும் தெரியாது" என்பதும் பொய்.

இனி அந்தப் "பாதி"க்கு வருவோம். எதில் பாதி? கிரெடிட் கார்டில் இரண்டு லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3.5 சதவீத வட்டி, அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆறு மாதம் கட்டாமல் விட்டால், தாமதக் கட்டணத்தைச் சேர்க்காமலே பாக்கி ஏறத்தாழ 2,55,000 ரூபாய். அதில் பாதி 1,27,500. இதை வங்கி உங்களிடம் மொத்தமாகக் கேட்கும், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று தவணையில். மாதம் பத்தாயிரம் கட்ட முடியாமல் நிறுத்திய குடும்பத்துக்கு ஒண்ணேகால் லட்சம் எங்கிருந்து வரும்? நான் பார்த்தவரை இரண்டே வழி: மனைவியின் நகை, அல்லது மீட்டர் வட்டி. கார்டுக் கடனைச் செட்டில் செய்ய மீட்டர் வட்டிக்கு வாங்குபவரை என்ன சொல்வது? இதற்கு மேல், நடுவில் நின்று பேரம் பேசும் செட்டில்மென்ட் ஏஜென்சியின் "சேவைக் கட்டணம்" தனி.

அதே இரண்டு லட்சத்தைப் பாக்கி விழுவதற்கு முன்பே 18 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றிக்கொண்டால், தவணை சுமார் 9,985 ரூபாய். வட்டிக்கான ஜிஎஸ்டியையும் சேர்த்தால் இரண்டு ஆண்டில் மொத்தம் கட்டுவது 2,47,000 அளவில் நிற்கும். ஆறு மாதம் சும்மா இருந்தால் ஏறும் தொகையைவிட இது குறைவு.

வங்கிகள் செட்டில்மென்ட் செய்வதே இல்லை என்று நான் சொல்லவில்லை. செய்கின்றன. ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-இல் அதற்கென விதிமுறையே வெளியிட்டது. ஆனால் அது வங்கி தன் லாப நட்டம் பார்த்து எடுக்கும் முடிவு, உங்கள் உரிமை அல்ல. எங்கள் பிரிவில் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இவரிடம் வசூலிக்க வேறு வழி இருக்கிறதா? மாதச் சம்பளம், சொந்த வீடு, அதே வங்கியில் வைப்புத்தொகை எல்லாம் இருப்பவருக்கு எந்த மேனேஜரும் பாதியை விட்டுத்தரப் போவதில்லை. வீட்டை அடமானம் வைத்த கடனென்றால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், அதன்பின் வீட்டைக் கைப்பற்றுதல். வேலை போனவர், பெரிய நோயில் விழுந்தவர், உண்மையிலேயே கையில் எதுவும் இல்லாதவர் செட்டில்மென்ட் கேட்கட்டும், தப்பில்லை. அப்போதும் கடன் அறிக்கையில் "அடைக்கப்பட்டது" என்று வராது, "செட்டில் செய்யப்பட்டது" என்றுதான் வரும். விவசாயம் அல்லாத கடன்களில் அந்த வங்கி குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக் கடன் தரக் கூடாது. மற்ற வங்கிகளுக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் அவர்களுக்கும் கண் இருக்கிறது.

வதந்தியின் இரண்டாம் பாதிதான் என்னைக் கோபப்படுத்துவது. ஒருவர் பெயரைப் பலி கொடுத்து இன்னொருவர் பெயரைக் காப்பாற்றுவதாம். "இவரு பேர்ல இருக்கறது போகட்டும் சார், என் பேர் கெடாம இருந்தா நாளைக்கு வீட்டு லோன் வாங்கிக்கலாம்" என்று மனைவியே சொல்கிறார். அம்மா, அந்தப் பெர்சனல் லோன் விண்ணப்பத்தில் இணைக் கடன்தாரராக யார் கையெழுத்து இருக்கிறது? எடுத்துப் பார்த்தால் அவருடையதுதான். "கூடப் போடச் சொன்னாங்க, போட்டேன்." இணைக் கடன்தாரரின் அறிக்கையிலும் அதே பாக்கி, அதே நாள் கணக்கோடு ஏறும். ஜாமீன் போட்டிருந்தாலும் அப்படித்தான். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒரே அளவு என்கிறது.

சரி, எங்கும் கையெழுத்துப் போடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மனைவி குழுக் கடனுக்குப் போனால்? 2022 மார்ச்சில் வந்த நுண்கடன் விதியில் ரிசர்வ் வங்கி குடும்பத்தையே அளவாக வைத்திருக்கிறது: கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரை உள்ள குடும்பத்தில், எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அங்கே கணவனின் கடனும் கணக்கில் வரும். வீட்டுக் கடனுக்கோ மனைவியின் சம்பளம் மட்டும் போதாது, கணவனையும் சேர்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். சேர்த்த உடனே அவருடைய "செட்டில்" மேசைக்கு வந்துவிடும். பிறகு எந்தப் பெயரைக் காப்பாற்றினீர்கள்?

செட்டில்மென்ட் வியாபாரத்தின் இன்னொரு கிளை "கடன் தள்ளுபடிச் சான்றிதழ்" விற்பது. கட்டணம் வாங்கிக்கொண்டு, இனி நீங்கள் வங்கிக்குக் கட்ட வேண்டாம் என்று தாள் தருவார்கள். அந்தத் தாளுக்கு எந்த மதிப்பும் இல்லை. இப்படிப்பட்டவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று 2023 டிசம்பர் 11-இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

கணவன் கடனுக்கு மனைவி தானாகவே பொறுப்பு என்பது தவறு. தாலி கட்டிக்கொண்டதால் கடன் ஒட்டிக்கொள்ளாது, கையெழுத்தால்தான் ஒட்டும். கணவன் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்து எவ்வளவு கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. சீதன நகை மனைவியின் தனிச் சொத்து. அவர் பெயரில் கடன் இல்லாதபோது அதைக் கேட்டு யாரும் வாசலில் நிற்க முடியாது.

கட்டாவிட்டால் ஜெயில் என்று வசூல் ஏஜென்ட் மிரட்டுவதும் தவறு. கட்ட வழியில்லாமல் இருப்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது. பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்ணைக் கைது செய்யவே சிவில் சட்டத்தில் இடமில்லை. மேலே சொன்ன செக், தானியங்கித் தவணை வழக்குகள் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் ஏஜென்ட் போன் செய்யக் கூடாது. செய்தால் தேதி, நேரத்தோடு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

மினிமம் டியூ கட்டினால் போதும் என்பது அடுத்தது. இரண்டு லட்சம் பாக்கிக்கு ஐந்து சதவீதம் என்று பத்தாயிரம் கட்டுகிறீர்கள். அதில் 8,260 ரூபாய் வட்டிக்கும் ஜிஎஸ்டிக்கும் போய்விடும். கடன் குறைவது 1,740. ஏறக்குறைய அதே பணத்தில்தான் அந்த 24 மாதத் தவணையே முடிகிறது.

சிபில் பார்த்தால் சிபில் குறையும் என்கிறார்கள். நீங்களே பார்த்தால் குறையாது.

சரி, என்னதான் செய்வது? நம் நாட்டில் சாதாரணக் குடும்பத்துக்கென்று சட்டமே போட்டுக்கொடுக்கும் தவணைத் திட்டம் நடைமுறையில் இல்லை. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி இருக்கிறது. கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அதைத் திறந்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஊரில் மஞ்சக் கடுதாசி என்று சொல்லும் பழைய வழிதான். ஆகவே திட்டத்தை நீங்களே போட வேண்டும், இருவரும் சேர்ந்து.

நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஆளுக்கொன்று எடுத்து, ஒருவருடையதை இன்னொருவர் படியுங்கள். அங்கேதான் சண்டை வரும், வரட்டும். கணவன் சொல்லாத லோன் ஆப், மனைவி சொல்லாத குழுக் கடன் எல்லாம் அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும். அறிக்கையில் வராத கைமாத்து, சேட்டு கடை அடகு, கந்துவட்டி, எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு ஆகியவற்றையும் அதே நோட்டில் எழுதுங்கள். திட்டம் ஆறாவது மாதம் உடைந்துபோன வீடுகளில் பெரும்பாலும் பார்த்தது, ஒருவர் ஒரு கடனை மறைத்திருந்ததைத்தான்.

வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். கந்துவட்டி இருந்தால் அதுதான் முதல். 2003 முதல் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் இருக்கிறது, மிரட்டினால் போலீஸுக்குப் போங்கள். மற்றக் கடன்களில் தவணையை நிறுத்தாமல், பாக்கி விழுவதற்கு முன்பே வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்: கார்டு பாக்கியைத் தவணையாக்குங்கள், பெர்சனல் லோன் காலத்தை நீட்டுங்கள். இரண்டு சம்பளச் சீட்டையும் இணைத்து, மாதம் இவ்வளவுதான் முடியும் என்று தொகையைச் சொல்லிக் கேட்டால் மேனேஜர் காது கொடுப்பார். கணக்கு வாராக்கடன் ஆவதை அவரும் விரும்புவதில்லை. சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போகத் தயக்கம் என்றால், மாவட்ட முன்னோடி வங்கியை ஒட்டி நடக்கும் நிதிக் கல்வி மையத்தில் ஆலோசனை இலவசம். பீரோவில் நகை தூங்கும்போது 42 சதவீத வட்டி கட்டுவது புத்தியல்ல. ஆனால் அடகு வைப்பதையும் விற்பதையும் நகைக்கு உரியவர் முடிவு செய்யட்டும், மாமியார் அல்ல.

கடைசியாக, நான் எங்கே போனாலும் சொல்லும் ஒன்று. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்குத் தரும் எல்லாத் தவணைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கையெழுத்துக்கு முன் தந்தாக வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்கும். "பிளாட் ரேட் வெறும் பன்னெண்டு பர்சன்ட்" என்று ஷோரூமில் சொல்வது கிட்டத்தட்ட 22 சதவீதம் என்பது அந்தத் தாளில்தான் தெரியும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை பேர் அதைத் தமிழில் பார்த்திருக்கிறீர்கள்? கேட்பதில்லை, அதனால் தருவதில்லை. அடுத்த முறை கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள், தமிழில் கேளுங்கள். அது கைக்கு வந்து இருவரும் படித்து முடிக்கும்வரை ஒருவரும் பேனாவைத் தொடாதீர்கள்.