இரண்டு மீட்டர் இடைவெளி

அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று, நான்கு வயதுத் தம்பி இரு கைகளையும் விரித்தபடி வாசலுக்கு ஓடினான். அப்பா அவனைப் பாதி வழியிலேயே தூக்கிக்கொண்டார். தம்பி வீறிட்டு அழுதான். பாட்டியின் முகம் வாடியது.

"என்னப்பா, இது ஒட்டுவாரொட்டியா?" என்று பாட்டி தயங்கியபடி கேட்டார்.

"இல்லையம்மா. அவள் உட்கொண்ட மருந்திலிருந்து கதிர் வெளிப்படுகிறது. சில நாள்களுக்குத்தான்," என்றார் அப்பா.

அம்மாவுக்குத் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சையில் சுரப்பியை அகற்றிய பிறகும் அதன் உயிரணுக்கள் சில எஞ்சியிருக்கலாம். அவற்றை அழிக்கவே 'அயோடின் 131' என்னும் கதிரியக்க மருந்தைக் கொடுத்தனர். தைராய்டு உயிரணுக்கள் அயோடினை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையவை. அவற்றைப் பட்டினி போட்டால் மருந்தை நன்கு ஈர்க்கும் என்பதால், அயோடின் கலந்த உப்பையும் கடலுணவையும் முன்கூட்டியே தவிர்க்கச் சொன்னார்கள். நெத்திலிச் சம்பல் இல்லாமல் அம்மா எப்படித்தான் சமாளித்தாரோ!

இம்மருந்து வெளியிடும் பீட்டா கதிர்கள் சில மில்லிமீட்டருக்குள் அடங்கி, உயிரணுக்களை அழிக்கின்றன. காமா கதிர்களோ உடலைக் கடந்து வெளியே வருகின்றன. ஒரு மீட்டர் தொலைவில் இருப்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால், அவர்மீது படும் கதிர் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். அருகில் இருக்கும் நேரமும் முக்கியம். கூடத்தில் ஒருவரையொருவர் கடந்து செல்வது வேறு. இரவு முழுவதும் அணைத்துக்கொண்டு உறங்குவது வேறு.

மருந்தின் ஒரு பகுதி சிறுநீர், வியர்வை, உமிழ்நீர் வழியாக வெளியேறுகிறது. அது குழந்தையின் வாய்க்குள் சென்றால், வளரும் சுரப்பி அதையும் ஈர்த்துக்கொள்ளும். எனவே, அம்மாவுக்குத் தனி அறை, தனித் தட்டு, தனித் துண்டு. கழிவறையைப் பயன்படுத்தியதும் இருமுறை நீர் பாய்ச்சிவிட்டுக் கைகளை நன்கு கழுவுவார். அவருடைய துணிகளைத் தனியாகத் துவைத்தோம்.

"இந்த வைத்தியம் புதிதோ?" என்றார் பாட்டி. 1941ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார் என்றேன். "அடேயப்பா, என்னைவிட மூத்தது!" என்று பாட்டி முதன்முறையாகச் சிரித்தார்.

அயோடின் 131இன் கதிரியக்கம் எட்டு நாள்களில் பாதியாகும். உடல் அதைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், அம்மாவின் உடலில் அது இன்னும் விரைவாகக் குறையும். எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பதை, மருந்தின் அளவையும் வீட்டில் குழந்தை இருப்பதையும் கணக்கிட்டு மருத்துவமனையே எழுதிக் கொடுத்திருந்தது.

அன்றிரவு அறையின் மறுகோடியில் அமர்ந்து அம்மா கதை சொன்னார். தம்பி வாசற்படியைத் தாண்டவில்லை. கதை முடிந்ததும் நாட்காட்டியை எடுத்துவந்து, ஒரு கட்டத்தை அடித்துவிட்டு, மீதியை விரல்விட்டு எண்ணினான்.