முதல் வரியிலேயே சொல்லிவிடு

தேனாம்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். “கூந்தல் எண்ணெய் கம்பெனி மாதாமாதம் பணம் தருகிறது, எண்ணெயும் நல்ல எண்ணெய்தான், இதில் என்ன தப்பு மாமா?” என்று கேட்டிருக்கிறாய். பணம் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை. வில்லங்கம் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. ‘பதிவு இயல்பாக இருக்க வேண்டும், விளம்பரம் என்று காட்டும் சொல்லோ அடையாளமோ கூடாது’ என்று போட்டிருக்கிறார்கள். அவர்கள் காசு கொடுப்பதே அந்த ஒரு வரிக்குத்தான். எண்ணெயை மட்டும் விற்பதென்றால் எல்டாம்ஸ் ரோடு சிக்னலில் ஒரு போர்டு வைத்துவிட்டுப் போயிருக்கலாம். போர்டைப் பார்ப்பவர் அதைப் போர்டு என்று தெரிந்தேதான் பார்ப்பார். உன்னைப் பார்ப்பவருக்கு அது தெரியக்கூடாது என்பதுதான் அங்கே விலைபேசப்படுகிற சரக்கு.

நானும் ஆயுசு முழுக்க விற்றுத்தான் சாப்பிட்டேன், உனக்குத் தெரியும். மெடிக்கல் ரெப். விற்பனையை இழிவாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். கழுத்தில் டை, கையில் தோல் பை, டி.எம்.எஸ். வளாகத்தைச் சுற்றி மே மாத வெயில். கிளினிக் வாசலில் காத்திருக்கிற நோயாளிகள் எங்களைக் கண்டாலே முறைப்பார்கள். “ரெப் எல்லாம் பேஷன்ட் போனப்புறம்தான்” என்று கம்பவுண்டர் சொல்லிவிடுவார். கடைசியில் இரண்டு நிமிஷம் கிடைக்கும். படப் புத்தகத்தை விரித்து மனப்பாடம் செய்ததை ஒப்பிப்போம், நாலு சாம்பிள் அட்டையை மேஜைமேல் வைப்போம். அந்த அட்டையிலேயே ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சடித்திருக்கும். டாக்டருக்கு நான் யார், எங்கிருந்து வருகிறேன், யார் சம்பளம் தருகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். அதனால் நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார். கே.பி. தாசன் சாலைப் பக்கம் ஒரு பெரியவர் இருந்தார். நான் முழுவதையும் சொல்லி முடித்ததும், “சரிப்பா, உங்க கம்பெனி மருந்து இல்லாம வேற எது நல்லா இருக்கு?” என்று கேட்பார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் முகத்தை மறைக்கவில்லை, அவரும் சந்தேகத்தை மறைக்கவில்லை.

எங்கள் தொழிலில் மறைவு வேறு இடத்தில் இருந்தது. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில். டாக்டர் வீட்டு ஹாலில் இருக்கும் டி.வி. எந்தக் கம்பெனி கொடுத்தது என்று மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிற நோயாளிக்குத் தெரியாது. நம் ஊர் கம்பெனி ஒன்றின் வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஜிங்கோவிட் என்ற சத்து மாத்திரையைப் பிரபலப்படுத்த டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டி.வி., ஃப்ரிட்ஜ், லேப்டாப் என்று சுமார் 4.72 கோடி ரூபாய் செலவழித்துவிட்டு, அதைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிவு கேட்டது. டாக்டர்கள் பரிசு வாங்கக்கூடாது என்று மருத்துவ கவுன்சில் 2009-லேயே விதி போட்டாயிற்று. வாங்குவது தப்பென்றால் கொடுத்த செலவுக்கு மட்டும் எப்படிச் சலுகை என்று கேட்டு, 2022 பிப்ரவரியில் கழிவு கிடையாது என்று தீர்ப்பளித்தார்கள். அந்தப் பரிசுகளின் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விடிகிறது என்பதையும் நீதிபதிகள் சொன்னார்கள். 2024-ல் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நெறிமுறை, டாக்டருக்கும் சரி, அவர் குடும்பத்துக்கும் சரி, பரிசே தரக்கூடாது என்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நீ உன்னை ரெப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். “நீங்க மருந்து வித்தீங்க, நான் எண்ணெய் விக்கிறேன்” என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன். உன் சமூக ஊடகப் பக்கத்துக்கு வருகிறவர்கள் ரெப்பைப் பார்க்க வரவில்லை பாப்பா. முடி கொட்டுகிறது, முகத்தில் பரு, என்ன செய்யலாம் என்று யோசனை கேட்க வருகிறார்கள். நீ உட்கார்ந்திருப்பது டாக்டர் நாற்காலியில். அங்கே உட்கார்ந்துகொண்டு ரெப்பின் பையைக் காலுக்கடியில் ஒளித்து வைப்பதைத்தான் அந்த நாலாம் பக்கம் கேட்கிறது.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூனிலிருந்து சமூக ஊடகப் பிரபலங்களுக்கென்றே விதி வைத்திருக்கிறது. 15 விநாடிக்குட்பட்ட வீடியோ என்றால் ‘விளம்பரம்’ என்ற அடையாளம் குறைந்தது 3 விநாடி திரையில் நிற்க வேண்டும். இரண்டு நிமிஷம் வரை என்றால் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கும் மேலே போனால் பொருளைப் பற்றிப் பேசுகிற பகுதி முழுவதும். கீழே முப்பது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒன்றாகச் செருகி வைத்தால் செல்லாது. கவுன்சில் தொழில்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்ட அமைப்பு, அபராதம் போட முடியாது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த மத்திய ஆணையம் போடும். தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை விளம்பரத்திலேயே வரக்கூடாது என்று தடையும் விதிக்கலாம். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டியில் இன்னொன்றும் இருக்கிறது. ரொக்கம் மட்டும் கணக்கில்லை. இலவசப் பொருள், தள்ளுபடி, ஊர்சுற்ற டிக்கெட், சொந்தக்காரர் கடை, வேலை பார்க்கிற இடம் எல்லாமே சொல்ல வேண்டிய தொடர்புதான். ஆகவே உன் சிநேகிதி பாண்டி பஜார் பக்கம் நடத்துகிற புடவைக் கடையிலிருந்து சும்மா வந்த புடவைகளுக்கும் இது பொருந்தும். சொந்தக் காசு போட்டு வாங்கி, பிடித்துப்போய், நாலு பேருக்குச் சொன்னால் யாருக்கும் எந்த விளக்கமும் தர வேண்டாம். தாராளமாகச் சொல்.

அபராதத்துக்குப் பயந்து நீ நேர்மையாக இருக்க வேண்டாம். இத்தனை லட்சம் வீடியோவில் உன்னுடையதைத் தேடிக்கொண்டு டெல்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. எனக்கு உறுத்துவது உன் எண்ணெய் வீடியோவில் வருகிற பாட்டி.

விற்பனை என்று காட்டாமல் விற்பது புதிதல்ல. 2002-ல் சோனி எரிக்சன் கம்பெனி அமெரிக்காவில் ஒரு வேலை செய்தது. நடிகர்களைச் சுற்றுலாப் பயணிகள் மாதிரித் தெருவில் விட்டு, போகிற வருகிறவர்களிடம் “எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?” என்று கேட்க வைத்தார்கள். கையில் கொடுப்பது கேமரா வைத்த புது போன். உதவி செய்ய நின்றவர், தனக்குத் தெரியாமலே ஒரு விற்பனைப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார். 2009-ல் ‘தி ஜோன்ஸஸ்’ என்று ஒரு படமும் வந்தது. பணக்காரத் தெருவில் ஒரு குடும்பம் குடிவரும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாலு பேருமே விற்பனைப் பிரதிநிதிகள். வாழ்ந்து காட்டியே விற்பார்கள். அந்தப் படத்தில் குடும்பம் போலி. உன் வீடியோவில் குடும்பம் நிஜம். அதனால்தான் அது அதைவிட மோசம்.

பாட்டி அறுபது வருஷமாகத் தலைக்கு வைப்பது செக்குத் தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சியது. அவள் தலையணை உறையைப் பார்த்தாலே தெரியும். கம்பெனி பாட்டில் கூரியரில் வந்தது போன மாதம். நீ கேமராவைத் தூக்கினாய், “நானும் இதைத்தான்டி தேய்க்கிறேன்” என்று அவள் சொன்னாள். பேத்தி கேட்டாள், பாட்டி சொன்னாள், அவ்வளவுதான். அது விளம்பரம் என்று அவளுக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது. ஊரான் வீட்டு நெய்யே என்பதுபோல, பாட்டி இத்தனை காலம் சேர்த்து வைத்த மதிப்பை நீ எடுத்து ஊற்றிவிட்டாய். மூன்றாவது மாடி மாமி அவளிடமே வந்து எண்ணெய் பெயரை எழுதிக்கொண்டு போனாள். அதாவது பரவாயில்லை, மாமிக்கு வசதி இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவும் தன் மகளுக்கு ஒரு சின்ன பாட்டில் வாங்கியிருக்கிறாள். 700 ரூபாய். கடைக்காரன் சொல்லியிருந்தால் பேரம் பேசியிருப்பாள், டி.வி. சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். சொன்னது பாட்டி.

‘விளம்பரம் என்று போட்டால் பார்க்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள்’ என்கிறாய். குறையலாம். குறைகிறவர்கள் யார் என்று யோசித்துப் பார். இது காசு வாங்கிக்கொண்டு பேசுவது என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன் என்பவர்கள். போடாமல் விட்டால் உன் வருமானம் வருவது சரியாக அவர்களிடமிருந்துதான். ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அந்த வாதத்தை எங்கள் தொழிலில் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாயிற்று.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இன்னொன்று எழுதியிருக்கிறாய். கல்லூரி சீனியர் ஒருத்தி ஏதோ சத்து பவுடர் குழுவில் சேரச் சொல்கிறாள் என்று. எண்ணெயைவிட எனக்குப் பயம் இதில்தான். ‘கம்பெனி பெயரைச் சொல்லாதே, காபிக்கு வாங்க என்று மட்டும் கூப்பிடு, என்ன விஷயம் என்று கேட்டால் நேரில் சொல்கிறேன் என்று சொல்’ என்று உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் இதற்கு நேர் எதிராகச் சொல்கின்றன. பேச்சை ஆரம்பிக்கும்போதே நான் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிக் கேட்காமலும் ஒருவர் வீட்டுக்குள் விற்கப் போகக்கூடாது. ஆள் சேர்ப்பதற்கே பணம் என்கிற பிரமிடு திட்டத்துக்கு முழுத் தடை. அந்தப் பவுடர் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று அவள் சொல்கிறாளாமே, அப்படி விளம்பரம் செய்வது 1954 மருந்து விளம்பரச் சட்டப்படியே குற்றம்.

பெரிய கம்பெனி, ஒன்றும் ஆகாது என்பாள். 2022 ஏப்ரலில் ஆம்வே இந்தியாவின் 757.77 கோடி ரூபாய் சொத்தை அமலாக்கத்துறை முடக்கியது. நம் திண்டுக்கல் மாவட்டத் தொழிற்சாலையும் அதில் அடக்கம். பொருளைவிட ஆள் சேர்த்தால் பணக்காரராகலாம் என்ற ஆசையைத்தான் விற்கிறார்கள் என்பது துறையின் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுதான், தீர்ப்பல்ல. அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள். ஆனால் அதே வருஷம் அமைந்தகரை ஆருத்ரா கோல்டு முதலீட்டு விவகாரம் வெடித்ததே, அதை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். லட்சம் பேருக்கு மேல் பணம் போட்டார்கள், சுமார் 2,438 கோடி ரூபாய். மாதத்துக்கு 25, 30 சதவீதம் வட்டி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே சந்தேகம் வர வேண்டும். பலருக்கு வரவில்லை, ஏனென்றால் சொன்னது மச்சான், சித்தப்பா, ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர். முகதாட்சண்யத்துக்காகப் போட்ட பணம் அது. பணம் போனதோடு, ஒரே கல்யாண வீட்டில் இரண்டு பேர் எதிரெதிர் மூலையில் உட்காரும்படியும் ஆயிற்று. பவுடரும் வட்டியும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் உள்ளே வருவது ஒரே வாசல் வழியாக.

அதனால் எண்ணெய்க் கம்பெனிக்கு, நாலாம் பக்கத்து வரியை எடுத்தால்தான் தொடர்வேன் என்று எழுது. ஒத்துக்கொண்டால் முதல் விநாடியிலேயே ‘இது கட்டண விளம்பரம்’ என்று கொட்டை எழுத்தில், தமிழில் போட்டுவிட்டு உன் சாமர்த்தியம் முழுவதையும் காட்டு. உனக்கு நாக்கு நன்றாகவே இருக்கிறது, எங்கள் மேனேஜர் இருந்திருந்தால் உன்னை உடனே வேலைக்கு எடுத்திருப்பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடு, வேறு கம்பெனி வரும். பவுடர்க்காரிக்கு முடியாது என்று இன்றைக்கே சொல், யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்காதே.

பாட்டி இருக்கிற வீடியோவை நீக்கிவிடு. நீக்கியதையும், ஏன் நீக்கினாய் என்பதையும் அவளிடமே உட்கார்ந்து சொல். திட்டுவாள், வாங்கிக்கொள். அப்புறம் அந்த அக்காவிடம் 700 ரூபாயைக் கொடுத்துவிட்டு, அந்த எண்ணெய்க்காக நீ பணம் வாங்கினாய் என்பதையும் சொல்லிவிட்டு வா.

அன்புடன்,
உன் மாமா