ஊர் காப்பாற்றிய ரயில்

ரயில் நிலையம் என்றதும் யார் நினைவுக்கு வருகிறார்கள்? ஸ்டேஷன் மாஸ்டர் வருவார். டிக்கெட் கொடுப்பவர் வருவார். கொடி காட்டுபவர் வருவார்.

இவர்களில் ஒருவர்கூட இல்லாத ரயில் நிலையங்களும் உண்டு. ஜப்பான் நாட்டின் கிராமங்களில் இப்படிப்பட்ட நிலையங்கள் ஏராளம். அவற்றில் ஒன்றுதான் கிஷி.

கிஷி எங்கே இருக்கிறது?

ஜப்பானில் வாகயாமா என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சிறிய ரயில் பாதை புறப்படுகிறது. அதன் நீளம் 14.3 கிலோ மீட்டர். பாதையில் மொத்தம் 14 நிலையங்கள். கடைசி நிலையம் கிஷி. அது பழத்தோட்டங்கள் நிறைந்த பகுதி. 1933ஆம் ஆண்டு கிஷிக்கு ரயில் வந்தது.

ஆள் இல்லாமல் டிக்கெட் எப்படி?

இந்த ரயிலில் கார்டு கிடையாது. ஓட்டுநர் ஒருவர்தான். ஆளில்லாத நிலையத்தில் ஏறுபவர் பின் வாசல் வழியாக ஏறுவார். வாசலில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக்கொள்வார். சீட்டில் ஓர் எண் இருக்கும். எந்த நிலையத்தில் ஏறினார் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

வண்டியின் முன்பக்கம் ஒரு பலகை இருக்கும். எந்த எண்ணுக்கு எவ்வளவு கட்டணம் என்று அதில் தெரியும். சீட்டில் 5 என்று இருக்கிறது. பலகையில் 5க்கு நேரே 300 என்று இருக்கிறது. அப்படியானால் 300 யென் கொடுக்க வேண்டும். யென் என்பது ஜப்பான் நாட்டுப் பணம். இறங்கும்போது ஓட்டுநர் பக்கத்தில் உள்ள பெட்டியில் சீட்டையும் பணத்தையும் போட வேண்டும். பிறகு முன் வாசல் வழியாக இறங்கலாம்.

எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ரயிலுக்கு வந்த ஆபத்து

1974இல் இந்தப் பாதையில் சுமார் 36 லட்சம் பேர் பயணம் செய்தார்கள். பிறகு பலரும் சொந்தக் கார் வாங்கினார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. 2005இல் பயணிகள் சுமார் 19 லட்சம்தான்.

ரயிலை நடத்திய கம்பெனிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யென் நஷ்டம். இனி நடத்த முடியாது என்று 2004இல் கம்பெனி அறிவித்தது.

கார் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. கார் ஓட்டும் வயதை எட்டாத மாணவர்கள் பள்ளிக்கு எப்படிப் போவார்கள்? முதியவர்கள் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவார்கள்?

ஊர் மக்கள் சேர்ந்தார்கள்

பாதையோரத்து மக்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஆண்டுச் சந்தா 1000 யென். 6000க்கும் அதிகமானவர்கள் உறுப்பினர் ஆனார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்தாப் பணம் 60 லட்சம் யென்னுக்கு மேல் வரும்.

50 கோடி நஷ்டத்துக்கு 60 லட்சம் எந்த மூலைக்கு? ஆனால் சந்தா ஒரு செய்தியைச் சொன்னது. "இந்த ரயில் எங்களுக்கு வேண்டும்" என்பதே அந்தச் செய்தி. பணம் கொடுத்தால் மட்டும் போதாது, ரயிலில் ஏறவும் வேண்டும் என்று சங்கத்தார் எல்லோரிடமும் சொன்னார்கள்.

அரசும் முன்வந்தது. பாதையின் நிலத்தை உள்ளாட்சிகள் வாங்கின. நஷ்டத்தில் ஒரு பங்கைப் பத்து ஆண்டுகளுக்கு ஏற்பதாகவும் ஒப்புக்கொண்டன. 2006 ஏப்ரல் 1 முதல் ஒரு புதிய கம்பெனி ரயிலை நடத்தத் தொடங்கியது. செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. அதனால் கிஷி நிலையத்தில் ஆள் இல்லாமல் போயிற்று.

பூனை ஸ்டேஷன் மாஸ்டர்

கிஷி நிலையத்தை ஒட்டி ஒரு கடை. கடைக்காரரின் பூனைகள் நிலையத்தின் அருகிலேயே வாழ்ந்தன. பூனைகளின் கூண்டை அகற்ற வேண்டிய நிலை வந்தது. "இவற்றை நிலையத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

புதிய கம்பெனியின் தலைவர் கொஜிமா மிட்சுனோபு பூனைகளைப் பார்த்தார். அவற்றில் ஒன்றின் பெயர் தாமா. வெள்ளை, கறுப்பு, பழுப்பு என மூன்று நிறம் கொண்ட பெண் பூனை. அதைப் பார்த்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

2007 ஜனவரியில் தாமா கிஷி நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர் ஆனது! அதற்கு அளவெடுத்துத் தொப்பி தைத்தார்கள். வேலை, பயணிகளை வரவேற்பது. சம்பளம், பூனைத் தீனி.

செய்தி நாடெங்கும் பரவியது. தாமாவைப் பார்க்க வெளிநாட்டவரும் வந்தார்கள். காரில் வந்து பார்த்தால் ரயிலுக்கு என்ன லாபம்? பலர் ரயிலில் ஏறியே வந்தார்கள். பயணிகள் எண்ணிக்கை மீண்டும் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டியது. நஷ்டம் முழுவதும் தீரவில்லை. ஆனால் வெகுவாகக் குறைந்தது. 2010இல் நிலையத்தைப் பூனை முகம் போலப் புதிதாகக் கட்டினார்கள்.

2015 ஜூன் 22 அன்று தாமா இறந்தது. அதற்கு வயது 16. இறுதிச் சடங்குக்குச் சுமார் 3000 பேர் வந்தார்கள். பிறகு நிதாமா என்ற பூனை அந்தப் பதவிக்கு வந்தது.

ரயிலைப் பூனை காப்பாற்றியது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் பூனை தொப்பி போடும் முன்பே ஊர் மக்கள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சும்மா இருந்திருந்தால் 2007இல் தாமா வரவேற்க ரயிலே வந்திருக்காது.

விடை சொல்லுங்கள்

1. கிஷி ரயில் பாதையில் எத்தனை நிலையங்கள்?
2. பயணிகள் குறைந்ததற்கு இரண்டு காரணங்கள் எவை?
3. சீட்டில் உள்ள எண் எதற்குப் பயன்படுகிறது?
4. 1974க்கும் 2005க்கும் இடையில் எத்தனை லட்சம் பயணிகள் குறைந்தார்கள்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊருக்கு வரும் பேருந்து நிற்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கெல்லாம் கஷ்டம் வரும்? நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்ன செய்வீர்கள்?