தினம் ஐந்து எழுத்து



நம்ம சிதறால் மலைக்கோவிலுக்குப் போகாதவர் இந்தப் பள்ளியில் யாரும் இருக்க மாட்டீர்கள். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களையும், அவற்றின் கீழே கோழி கிளறினது மாதிரி கிடக்கும் எழுத்துகளையும் பார்த்திருப்பீர்கள். அது வேற்று மொழியில்லை. சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன் நம் தமிழை எழுதிய வட்டெழுத்து. “இதுல என்ன எழுதியிருக்கு?” என்று வெளியூர்க்காரர் கேட்டால் நாமல்லவா சொல்லணும்? அதனால்தான் படிக்கத் தொடங்கினேன்.

தொடங்குவது எளிது. இரண்டாம் வாரத்தில்தான் மடி வரும். ப-வும் வ-வும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி கிடையாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. எரியா, ஏரியா என்பதைப் பொருள் பார்த்து நாமே முடிவு செய்யணும்.

சென்னையில் ஜப்பானிய மொழி படிக்கும் என் பெரியப்பா மகள்தான் வழி சொன்னாள். ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு வகுத்த காஞ்சி எழுத்துகள் 2136. ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஓர் ஆண்டுக்கு 80 தானாம்! மரம் என்ற எழுத்தை இரண்டு தடவை சேர்த்தால் தோப்பு, மூன்று சேர்த்தால் காடு. தெரிந்ததோடு தெரியாததைக் கட்டி வைப்பது அக்காவின் முறை.

நான் தினம் ஐந்து எழுத்து, ஒவ்வொன்றும் பத்து தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதுகிறேன். எவ்வளவு உற்சாகம் வந்தாலும் ஆறாவது எழுத்து கிடையாது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாளும் ஐந்துதான். சேர்த்துப் பத்து எழுதப் போனால் அந்தக் கடனே நம்மை நோட்டுப் பக்கம் வரவிடாது.

எழுத்தைத் தனியாக மனப்பாடம் செய்யாதீங்க, ஒரு பெயரோடு படியுங்க. நம் மலைக் கல்வெட்டில் அச்சணந்தி என்ற சமண முனிவர் பெயர் இருக்கிறது. புள்ளியில்லாமல் எழுதினால் ‘அசசணநதி’. இன்னொரு கல்வெட்டு, ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கி குரத்தி என்ற பெண் துறவி பொன் நகை கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் ஆசிரியர். (அந்தக் காலத்திலேயே நம்ம ஊர்ல டீச்சர்!) அவர் பெயரை நானே பாறையில் எழுத்துக்கூட்டிப் படிக்கணும் என்ற ஆசைதான் மடி வரும் நாளிலும் என்னை உட்கார வைக்கிறது.

மலைக்குப் போனால் வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் பாருங்க, வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெளிவாகத் தெரியும். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், கைவைக்கவும் வேண்டாம். போட்டோ எடுத்து வந்து வீட்டில் எழுதிப் பழகலாம். என் நோட்டைப் பார்த்துப் படியெடுக்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் கேளுங்கள், தருகிறேன்.