ஓடும்போது நின்றுபோகும் பழைய டீசல் லொறி: குறையைக் கண்டுபிடிப்பது எப்படி?



ஊரில் கராஜில் வேலை செய்த கனபேர் உங்களிடையே இருக்கிறீர்கள். பிரித்தானியாவில் பழைய தளபாடங்கள், உணவுப் பொருட்கள் ஏற்றி இறக்கும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் பழைய டீசல் லொறிகளும் வான்களும் ஓடுகின்றன. அங்கே தொண்டராக உதவும்போது உங்கள் அனுபவம் பெரிதும் பயன்படும். "நல்லா ஓடிக்கொண்டிருந்தது, திடீரெண்டு நிண்டிட்டுது" என்பதுதான் அதிகம் கேட்கும் முறைப்பாடு. பற்றரியையும் பில்ரரையும் கண்டபடி மாற்றிக் காசைக் கரைக்க முன்னர், கீழே உள்ளபடி ஒழுங்காகப் பாருங்கோ.

1. முதலில் ஓட்டுநரிடம் கேளுங்கள்

திறப்பைத் திருப்பி நிறுத்தியது போல ஒரே அடியாக நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் மின்சாரக் குறை. இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றதா? அப்படியானால் டீசல் போதாமல் வருகிறது, அல்லது காற்றுப் பிடிக்கிறது. நின்ற நேரம் டாஷ்போர்ட் விளக்குகளும் அணைந்தனவா என்றும் கேளுங்கள். எல்லாம் அணைந்திருந்தால் பற்றரி முனைகள், பிரதான பியூஸ், திறப்புச் சுவிட்ச் ஆகியவற்றைப் பாருங்கோ.

2. மின்சாரப் பக்கம்

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. ஆனாலும் பழைய டீசல் பம்புகள் பலவற்றில் டீசலைத் திறந்துவிடும் சொலினாய்ட் ஒன்று உண்டு. அதற்கு வரும் மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் எஞ்சின் நின்றுவிடும்.

மீற்றரை எடுத்துப் பற்றரியை அளவுங்கோ. ஓய்வில் உள்ள நல்ல 12 வோல்ற் பற்றரி ஏறக்குறைய 12.6 காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வரவேண்டும். கூடாவிட்டால் ஆல்ரனேற்றர் (நாங்கள் டைனமோ என்பது), அதன் பெல்ற், வயர்களைப் பாருங்கோ. 24 வோல்ற் லொறியில் இந்த அளவுகள் இரண்டு மடங்கு. எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிச் சோதிக்கவே கூடாது, ஆல்ரனேற்றர் எரிந்துவிடும்.

அடுத்தது நல்ல ஒரு வழி. சொலினாய்டுக்கு வரும் வயரில், சிறிய பியூஸ் போட்ட நீண்ட வயர் ஒன்றைத் தொடுத்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பல்ப்பை எரிய விடுங்கோ. மற்ற முனையை எர்த்தில் கொடுங்கோ. எஞ்சின் நிற்கும்போது:

- பல்ப்பும் அணைந்தால்: திறப்புச் சுவிட்ச், பியூஸ், வயர், இணைப்புகளில் குறை. பச்சை பிடித்த முனை, இரும்பில் உரசித் தேய்ந்த வயர் ஆகியவற்றைத் தேடுங்கோ.
- பல்ப் எரிந்துகொண்டே இருந்தால்: சொலினாய்ட் அல்லது டீசல் பக்கம்.

3. டீசல் பக்கம்

பில்ரரில் தண்ணீர், அழுக்கு உண்டா? தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் குழாய் வெடித்திருந்தால் வெளியே டீசல் சொட்டாது. உள்ளே காற்றைத்தான் இழுக்கும். அந்த இடத்தில் தெளிவான குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டால் குமிழி தெரியும். அரை மணி நேரம் ஓடி நின்றால் தாங்கி மூடியைத் திறந்து பாருங்கோ. "உஸ்" என்று காற்று உள்ளே போய், பிறகு ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

ஊரில் நாம் காணாத ஒன்று: கடும் குளிரில் டீசலில் மெழுகு கட்டிப் பில்ரரை அடைக்கும். இங்கே குளிர்காலத்தில் அதற்கேற்ற டீசல் விற்கிறார்கள். கோடையில் நிரப்பியது தாங்கியில் கிடந்தால் கவனம். மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். சிவப்பு டீசலும் வேண்டாம். வீதியில் ஓடும் லொறிக்கு இரண்டும் சட்டவிரோதம்.

4. கட்டாயம் கவனிக்கவும்

- எஞ்சின் நின்றால் ஸ்ரியரிங் பாரமாகும், பிரேக் இறுகும். பலமாக மிதித்தால் பிடிக்கும். லொறி நிற்கும்வரை திறப்பை உருவ வேண்டாம், ஸ்ரியரிங் பூட்டிவிடும்.
- மோட்டர்வேயில் நின்றால் இடது பக்கக் கதவால் இறங்கி, தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கோ. ஓடும் பாதையில் மாட்டிக்கொண்டு இறங்க முடியாவிட்டால் பெல்ற்றைக் கழற்றாமல் 999 ஐ அழையுங்கோ.
- உரிமமும் காப்புறுதியும் இல்லாமல் "ஒருக்கா ஓட்டிப் பாக்கிறன்" எண்டு வெளிக்கிட வேண்டாம். உரிமம் உள்ளவர் ஓட்டட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து பல்ப்பைப் பாருங்கோ.
- வேலை அனுமதி இல்லாமல் காசுக்குத் திருத்திக் கொடுக்க வேண்டாம். கையில் தரும் 20 பவுண்ஸ் கூட வழக்கைக் கெடுக்கலாம். தொண்டு நிறுவனத்தில் தொண்டராக உதவலாம். சந்தேகம் இருந்தால் முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

செய்த சோதனை, கண்ட அளவு, திகதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. நாளைக்கு வேலை அனுமதி கிடைத்து கராஜ் ஒன்றின் கதவைத் தட்டும்போது, உங்களுக்குத் தொழில் தெரியும் என்பதை அந்தக் கொப்பியே சொல்லும்.