நீட் கிடைக்கவில்லையா? மருத்துவ ஆய்வுக்கு வேறு வழி உண்டு



கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளில் ஆண்டுதோறும் நாம் கேட்கும் பேச்சு இது: "நீட்டில் மார்க் வரவில்லை, இனி என்ன படிக்க?" பிள்ளை விலங்கியலிலோ உயிர்வேதியியலிலோ பி.எஸ்சி. சேரும், பட்டம் வாங்கியதும் படிப்பு நின்றுவிடும். மேலே உள்ள படிகள் வீட்டில் யாருக்கும் தெரியாததும் இதற்கு ஒரு காரணம்.

என்ன படிப்பு?
மருத்துவர் சிகிச்சை தருகிறார். நோய் ஏன் வருகிறது, மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டறிவது உயிர்மருத்துவ அறிவியல். இதைப் படித்தவர் நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. இதைச் சேரும்முன்பே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் வேறு; அது மருத்துவக் கருவிகளைப் பற்றிய பொறியியல்.

எங்கே?
சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரில் அடிப்படை மருத்துவ அறிவியலுக்கான முதுநிலை நிறுவனம் இருக்கிறது. உடலியங்கியல், மரபியல், நுண்ணுயிரியல், மருந்தியல் போன்ற துறைகள் அங்கே உண்டு. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் துறையே தனியாக உள்ளது. நமக்குப் பக்கத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம் இருக்கிறது.

செலவு?
பி.எஸ்சி. 3 ஆண்டு, எம்.எஸ்சி. 2 ஆண்டு; அதன்பின் பிஎச்.டி. "இன்னும் எத்தனை வருஷம் பணம் கட்டுவது?" என்று பெற்றோர் தயங்குகிறார்கள். ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே இத்தேர்வை எழுதலாம்.

சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. அதை நம்பி இருக்க வேண்டாம். ஓ.பி.சி. மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை உண்டு.

இப்போதே செய்ய வேண்டியது
தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. அதற்கான சாதிச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் போதாது. மத்தியப் பட்டியலில் உள்ள ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் போன்ற பிரிவினர், வருமான வரம்புக்கு உட்பட்டிருந்தால், ஓ.பி.சி. சான்றிதழைத் தனியே வாங்க வேண்டும். கடைசி நாளில் ஓடாமல் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருக்கும் மகனையோ மகளையோ இன்றே உட்காரவைத்து, அடுத்த படி என்ன என்று பேசுங்கள். பட்டத்தோடு படிப்பு நின்றுவிட வேண்டியதில்லை.